குறைமாதப் பேத்தியும் பால்குடி உறவும்



நம் மார்க்கத்தில் உறவு மூன்று வழிகளில் உண்டாகிறது: இரத்தத்தால், திருமணத்தால், பாலால். முதல் இரண்டையும் நாம் நன்கறிவோம். மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் படித்ததோடு நின்றுவிட்டோம். நிகாஹ் பேசும் வீடுகளில் கூட, மணமக்கள் யாருடைய பாலை அருந்தி வளர்ந்தவர்கள் என்று இன்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நிலை இல்லாமல் போய்விட்டது என்று நாமே எண்ணிக்கொண்டோம். ஆனால் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் சிகிச்சைப் பிரிவுகளும், தாய்ப்பால் வங்கிகளும் நம் மாவட்டங்களுக்கு வந்துவிட்ட இக்காலத்தில் அந்தக் கேள்வி மறுபடியும் உயிர் பெற்றிருக்கிறது. எங்கள் குடும்பம் அந்தக் கேள்விக்குப் பதில் காண நேர்ந்தது. பிறருக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் அதனை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் ஆரணியில் வாழ்பவர்கள். எங்கள் வீட்டில் தறி இல்லை. ஆனால் தறிச் சத்தம் கேட்காத நாளும் இல்லை. தலைப்பிரசவத்துக்காக எங்கள் மகளை ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். சில நாட்களிலேயே அவளுக்குக் கால்கள் வீங்கின, தலைவலி விடவில்லை, இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூருக்கு அவளைக் கொண்டுசென்றோம். தாயையும் சேயையும் காக்க வேண்டுமானால் குழந்தையை உடனே வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். 30 வாரங்களே நிறைந்திருந்த நிலையில் எங்கள் பேத்தி பிறந்தாள். எடை 1,180 கிராம்.

இத்தகைய பிறப்பு அரிதானதன்று. உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் சுமார் 30 லட்சம் பேர் நம் நாட்டில் பிறந்தவர்கள். நம் மார்க்க அறிஞர்களும் இப்பிறப்பை அறியாதவர்கள் அல்லர். கருச்சுமத்தலுக்கும் பால்குடி மறக்கச் செய்வதற்கும் சேர்த்து 30 மாதங்கள் என்று திருமறையின் 46:15 வசனம் கூறுகிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு 2 முழு ஆண்டுகள் என்று 2:233 கூறுகிறது. முப்பதிலிருந்து இருபத்து நான்கைக் கழித்தால் எஞ்சுவது 6 மாதங்கள். கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் அதுவே என்று அலீ (ரலி) அவர்கள் விளக்கியதாக அறிவிப்புகள் உள்ளன. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளையைப் பார்த்து, 'இது தங்குமா?' என்று உதட்டைப் பிதுக்கிய உறவினர்களுக்கு நாங்கள் இந்தக் கணக்கையே சொன்னோம்.

மூன்று வழிகள்

34 வாரங்கள் அளவில்தான் குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று இசைந்து வரும். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு மார்பில் பால் குடிக்கத் தெரியாது. ஆகவே வாய் வழியாக இரைப்பைக்குள் செல்லும் மெல்லிய குழாயில் பாலைச் செலுத்துகிறார்கள். எங்கள் பேத்திக்கு முதல் நாள் ஒரு வேளைக்கு 2 மில்லி லிட்டர். ஒரு தேக்கரண்டியின் பாதிகூட இல்லை.

அந்த 2 மில்லி லிட்டரும் தாயின் பாலாக இருப்பதே சிறப்பு. குறைமாதப் பிள்ளையின் குடல் பச்சைக் குடல். அதில் கடும் அழற்சி உண்டாகிக் குடல் திசுவே அழுகிவிடும் ஒரு நோய் உண்டு; மருத்துவர்கள் அதனை 'நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ்' என்கிறார்கள். மாவுப்பால் அருந்தும் பிள்ளைகளைவிடத் தாய்ப்பால் அருந்தும் பிள்ளைகளுக்கு அந்நோய் வரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் எங்கள் மகளோ தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழிந்தெடுத்த சீம்பால் சில துளிகளே கிடைத்தன. அவற்றைக் குழந்தையின் உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவினார்கள்.

இரண்டாம் நாள் மருத்துவர் எங்களை அழைத்து மூன்று வழிகளைக் கூறினார். முதலாவது, தாய்ப்பால் வங்கியிலிருந்து பெறும் தானப்பால். இரண்டாவது, குறைமாதக் குழந்தைகளுக்கான மாவுப்பால். மூன்றாவது, குடும்பத்திலேயே பாலூட்டும் பெண் ஒருவர் இருந்தால், அவருக்கு இரத்தப் பரிசோதனைகள் செய்து, அவருடைய பாலைப் பதப்படுத்திக் கொடுப்பது. மாலைக்குள் முடிவு சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

தாய்ப்பால் வங்கி என்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் அதனைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அது முதலாவது. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் ஏழு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டன. தானம் செய்யும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகை, மேகநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்கிறார்கள். பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் வைத்துக் கிருமிகளை அழித்து, உறைநிலையில் சேமிக்கிறார்கள். பெரும்பாலும் பல தாய்மாரின் பாலைக் கலந்தே பதப்படுத்துவது வழக்கம். எங்களுக்குத் தயக்கம் எழுந்தது அந்த இடத்தில்தான்.

ஹஸ்ரத்திடம் கேட்டது

அன்று லுஹருக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர்கள் முதலில் கேட்டது குழந்தையின் எடையை. அடுத்துக் கேட்டது தாயின் நிலையை. அதன்பிறகே சட்டத்தை விளக்கினார்கள்.

இரத்த உறவால் யாரை மணப்பது ஹராமோ, அவர்களைப் பால்குடி உறவாலும் மணப்பது ஹராம் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள நபிமொழியின் கருத்து. திருமறையின் 4:23 வசனம் பாலூட்டிய அன்னையரையும் பால்குடிச் சகோதரிகளையும் மணக்கக்கூடாதவர்களின் வரிசையிலேயே வைக்கிறது. எவ்வளவு அருந்தினால் உறவு உண்டாகும் என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை அருந்தியிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் குறைந்த அளவும் போதும். மார்பில் வாய் வைத்துக் குடித்தாலும், கறந்த பாலை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ உள்ளே செலுத்தினாலும் சட்டம் ஒன்றே. ஆகவே குழாயில் செல்லும் 2 மில்லி லிட்டரும் உறவை உண்டாக்கும்.

அப்படியானால் வங்கிப் பால்? இதில் நம் காலத்து அறிஞர்கள் இரு கருத்துடையவர்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாதமி 1985இல் ஜித்தாவில் கூடியபோது, உறவுகள் தெரியாமல் கலந்துவிடும் என்பதால் முஸ்லிம் நாடுகளில் இவ்வங்கிகளை நிறுவக்கூடாது என்று முடிவு செய்தது. யூசுஃப் அல்கர்ளாவி அவர்கள் அதற்குச் சற்று முன்பே, மார்பில் உறிஞ்சுவதே பாலூட்டல் என்னும் கருத்தைச் சார்ந்து இதனை அனுமதித்திருந்தார். ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம் 2004இல் குறைமாதக் குழந்தைகளின் தேவையை முன்னிட்டு இசைவளித்தது. தமிழ் முஸ்லிம்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2017இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டபோது, முயிஸ் ஃபத்வாக் குழுவும் அனுமதித்தது. மறுபுறம், 2024 ஜூனில் கராச்சியில் திறக்கப்பட்ட வங்கி உலமாக்களின் ஆட்சேபத்தால் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது.

ஹஸ்ரத் அவர்கள் இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "வேறு வழியே இல்லையென்றால் வங்கிப் பாலைக் கொடுங்கள். உயிர் முக்கியம். பால் தந்தவர்கள் யார் என்ற விவரத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலேயே பாலூட்டும் பெண் இருக்கிறாரே?" என்றார்கள்.

இருந்தாள். எங்கள் மருமகள்.

ஓர் ஆசையின் முடிவு

மருமகளுக்கு ஐந்து மாதத்தில் ஆண் குழந்தை இருந்தது. அவன் பிறந்த நாளிலிருந்தே எங்களுக்குள் ஓர் ஆசை. மகளுக்குப் பெண் பிறந்தால் அத்தை மகளை அவனுக்கே முடித்துவிட வேண்டும் என்பது அது. வாக்குக் கொடுத்ததில்லை, ஆனால் தொட்டிலை ஆட்டும்போது பாட்டாகவும், விருந்தில் கேலியாகவும் அது எங்கள் வீட்டில் உலவியது. எங்களுள் பாட்டியானவர் தம் காசுமாலையைக்கூட அந்த இல்லாத பேத்திக்கென ஒதுக்கி வைத்திருந்தார்.

மருமகளின் பால் ஒரு துளி உள்ளே சென்றாலும் அந்த இருவரும் அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சில்லை. எங்களுள் ஒருவர் மாவுப்பாலைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டார். மற்றவர் மறுமொழி சொல்லவில்லை. மருத்துவமனை வராந்தாவில் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்திருந்தோம். அப்போதுதான் மருமகள் ஆரணியிலிருந்து தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். விவரம் தெரிந்ததும், "மாமி, கல்யாணம் பண்ணி வைக்க முதல்ல பிள்ளை இருக்கணும்ல?" என்றாள். அதோடு எங்கள் வாதம் முடிந்தது.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இத்தகைய நிகழ்வு உண்டு. ஹம்ஸா (ரலி) அவர்கள் நபிகளாரின் சிறிய தந்தை. துவைபா என்னும் பெண்மணி இருவருக்கும் பாலூட்டியதால் பால்குடிச் சகோதரரும் ஆவார். ஹம்ஸாவின் மகளை மணந்துகொள்ளலாமே என்று நபிகளாரிடம் கேட்கப்பட்டபோது, அவள் தம் பால்குடிச் சகோதரரின் மகள் என்று கூறி மறுத்துவிட்டார்கள். சிறிய தந்தையின் மகளை மணப்பது ஆகுமானது. பால் அதனைத் தடுத்தது. ஆனால் அதே பால் வேறொன்றையும் கொடுத்தது. ஹுனைன் போருக்குப் பின், அன்னை ஹலீமாவின் மகள் ஷைமா நபிகளாரிடம் அழைத்து வரப்பட்டபோது, தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சிறுவயதில் பிரிந்த பால்குடிச் சகோதரிக்கு அந்த மரியாதை. ஒரு மருமகள் வந்து சேரும் வாசலை இழந்தோம் என்று எண்ணிய எங்களுக்கு, பேரனுக்கு ஒரு தங்கை கிடைத்தாள் என்று எண்ணத் தெரிந்தது அதன்பிறகுதான்.

கணவரின் அனுமதி வேண்டும் என்பதால் வளைகுடாவில் பணிபுரியும் எங்கள் மகனிடம் பேசினோம். அவன் அழுதுகொண்டே சம்மதம் சொன்னான். மருமகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. 9 நாட்கள் அவளுடைய பால் எங்கள் பேத்தியின் உணவாயிற்று. அதற்குள் மகள் எழுந்து அமர்ந்து, இரவு பகலாக நாளொன்றுக்கு எட்டு முறை பால் பிழிந்தெடுக்கத் தொடங்கினாள். பதினோராம் நாள் முதல் தாயின் பாலே போதுமானதாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

பாலில் கலந்த பொடி

பால் போதுமானது, ஆனால் எடைக்குப் போதவில்லை. குழந்தை முதலில் 1,090 கிராமுக்கு இறங்கி, மெல்ல ஏறிக்கொண்டிருந்தாள். அப்போது செவிலியர் ஒரு சிறு பொட்டலத்தைக் காட்டி, அதிலுள்ள பொடியைத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கப் போவதாகக் கூறினார். செறிவூட்டும் பொடி என்று அதற்குப் பெயர், மருத்துவமனையில் 'எச்.எம்.எஃப்.' என்கிறார்கள். எங்கள் மகள் கலங்கிப்போனாள். தன் பாலில் ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டாள்.

குறை பாலில் இல்லை. நிறைமாதப் பிள்ளைக்கு அப்பால் முழு உணவு. ஆனால் கருவறையின் கடைசி மூன்று மாதங்களில்தான் பிள்ளை தன் எலும்புக்கான சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸையும் பெரும்பகுதி தாயிடமிருந்து பெறுகிறது. அந்த மூன்று மாதங்களை இழந்து வந்த பிள்ளைக்கு அது வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். நாளொன்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு 3.5 முதல் 4 கிராம் வரை புரதம் தேவை. அதனைத் தாய்ப்பாலிலிருந்து மட்டும் பெறுவதானால் அந்தச் சிறு இரைப்பை கொள்ளாத அளவுக்குப் பால் புகட்ட வேண்டும். ஆகவே பாலின் அளவைக் கூட்டாமல் அதன் வலுவைக் கூட்டுகிறார்கள். 100 மில்லி லிட்டர் தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி. பொடி கலந்தபின் சுமார் 80.

மகளைப் பார்க்க வந்த எங்கள் பக்கத்து வீட்டு நெசவாளர் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னதே எங்களுக்கு விளங்கிற்று: "பட்டு நூலையும் கஞ்சித் தண்ணியில நனைச்சுக் காயவெச்சுத்தானே தறியில ஏத்துறோம்? இல்லேன்னா இழுப்பு தாங்குமா? அதனால பட்டு பட்டில்லைன்னு ஆயிடுமா, பாயம்மா?" மகள் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

எங்கள் குழந்தைக்குக் கொடுத்த பொடி பசும்பாலின் புரதத்திலிருந்து செய்யப்பட்டது. உறையில் எழுதியிருந்ததைப் படித்து ஹஸ்ரத்திடம் கூறினோம், தடையில்லை என்றார்கள். பெண்ணின் பால் மருந்தோடோ ஆட்டுப் பாலோடோ கலந்தால் எது மிகுதியோ அதற்கே சட்டம் என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசியிருப்பதையும் அவர்கள் எடுத்துரைத்தார்கள். தானம் பெற்ற தாய்ப்பாலிலிருந்தே தயாரிக்கப்படும் பொடியும் உலகில் உண்டு. அதில் பால்குடி உறவுக் கேள்வி எழும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை. நம் நாட்டில் தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்தது. மனிதன் கண்ணியத்துக்குரியவன், அவன் உடலின் பகுதி விலைப்பொருள் அன்று என்பதால் பெண்ணின் பாலை விற்கலாகாது என்பதே ஹனஃபி மத்ஹபின் நிலையும் ஆகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பொடி எல்லாச் சிறு குழந்தைகளுக்கும் உரியதன்று. 32 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களுக்கு அல்லது 1.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கு இதனைப் பரிசீலிக்கலாம் என்பதே உலக சுகாதார அமைப்பு 2022இல் தந்த அறிவுரை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு நாமாக வாங்கிக் கலப்பது ஆபத்து.

14ஆம் நாள் பேத்தி பிறந்த எடையை மீண்டும் தொட்டாள். பின்னர் எங்கள் மகளும், அவள் களைத்தபோது எங்களுள் பாட்டியானவரும், குழந்தையைக் கங்காரு முறையில் மார்போடு மார்பாக அணைத்து வைத்திருந்தோம். 47ஆம் நாள் 1,880 கிராம் எடையோடு வீடு திரும்பினாள்.

எழுதி வைப்போம்

உக்பா பின் ஹாரிஸ் (ரலி) என்னும் தோழர் ஒரு பெண்ணை மணந்தார். அதன்பின் ஒரு பெண்மணி வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்றார். உக்பாவுக்கு அது தெரியாது. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபிகளாரிடம் கேட்டார். இவ்வாறு சொல்லப்பட்ட பின் எப்படி இணைந்து வாழ்வது என்று நபிகளார் வினவ, அவர் மனைவியைப் பிரிந்தார். இந்நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. எழுதி வைக்காத பால் ஒரு குடும்பத்தைப் பின்னாளில் பிரித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் எழுதி வைத்தோம். பாலூட்டியவர் பெயர், குழந்தையின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், சாட்சிகள். மூன்று படிகள்: ஒன்று எங்களிடம், ஒன்று சம்பந்தி வீட்டாரிடம், ஒன்று பள்ளிவாசலில் நிகாஹ் பதிவேட்டோடு. எழுதும்போது பலருக்கும் இருக்கும் இரண்டு ஐயங்களை ஹஸ்ரத் தீர்த்து வைத்தார்கள். பால் அருந்திய குழந்தைக்கு மட்டுமே இந்த உறவு; அதன் உடன்பிறந்தோருக்கு இல்லை. ஆனால் பாலூட்டியவரின் பிள்ளைகள் முன் பிறந்தவர்களாயினும் பின் பிறப்பவர்களாயினும் அனைவரும் அக்குழந்தைக்குச் சகோதர சகோதரிகள். இவ்வுறவால் மணம் விலக்கப்படும், மஹ்ரம் என்னும் நிலை உண்டாகும். ஆனால் வாரிசுரிமை உண்டாகாது. இதைக் கேட்டதும் எங்களுள் பாட்டியானவர், பேத்திக்குப் பின் ஒரு தங்கை பிறந்தால் பேரனுக்குக் கேட்கலாம்தானே என்றார். ஹஸ்ரத் சிரித்துக்கொண்டே, கேட்கலாம் என்றார்கள். காசுமாலை இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

நம் ஜமாஅத்துகள் நிகாஹ் பதிவேடு வைத்திருப்பது போல் பால்குடிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அதற்கு ஒரு நோட்டுப்புத்தகமே போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஏழாம் மாதத்துக்கு முன்பே உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு வையுங்கள். நள்ளிரவில், மருத்துவமனை வாசலில், கையெழுத்துக்குக் காகிதம் நீட்டப்படும்போது முதன்முதலாக யோசிக்கும் நிலை வேண்டாம். பெற்ற தாயின் பாலுக்காக முதல் மணி நேரத்திலிருந்தே முயலுங்கள். பொடி கலந்தால் தாயின் மனம் நோகாதபடி பேசுங்கள். வேறொருவர் பால் கொடுத்தால் அவர் பெயரை மறவாதீர்கள், மறக்கவும் விடாதீர்கள்.

குறைமாதத்தில் வந்து போராடும் எல்லாக் குழந்தைகளுக்கும் வல்ல இறைவன் நிறைந்த ஆயுளையும், அவர்களுக்குப் பால் தந்த அன்னையர் அனைவருக்கும் நிறைந்த கூலியையும் தருவானாக. ஆமீன்.